ஆரணியின் ஐந்தாவது அடி

1

அன்புள்ள பிள்ளைகளே,

உங்கள் பள்ளிக்கூட மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் விளையாட்டு வாத்தியார் கேட்டிருந்தார். அவரும் நானும் ஒரே வகுப்பு. அவர் மேலே படித்தார், நான் பத்தோடு நின்றுவிட்டேன். பிழை இருந்தால் அவர் திருத்துவார் என்ற துணிவில் எழுதுகிறேன். பனியைப் பற்றி எழுதலாம், ரயிலைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போன மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு தாளில் பென்சிலால் ஓர் எழுத்து எழுதினேன். அதற்குப் பிறகு மனதில் வேறொன்றும் நிற்கவில்லை. ஆகவே அதையே எழுதுகிறேன்.

நான் இருப்பது ஜெர்மனியில், பான் நகரத்துக்குப் பக்கத்தில். ஓர் ஆசுபத்திரிக் குசினியில் சமையல் வேலை, காலை ஐந்தரைக்குத் தொடங்கும். மனைவி சுகந்தி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். எங்களுக்கு ஒரே மகள், ஆரணி. பதினாலு வயது. தமிழ் கதைப்பாள், வாசிக்க மாட்டாள். போன வருடம் ஒரு நாள் வந்து, "அப்பா, நான் பேஸ்போல் விளையாடப் போறன்" என்றாள்.

"அதென்ன பிள்ளை, கிரிக்கெட்டோ?"

"இல்லை. ஆனா பேட் இருக்கு."

பேட் இருந்தால் சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

உங்களுக்கு அந்த விளையாட்டைச் சொல்ல வேண்டும். நிலத்தில் ஐந்து மூலை கொண்ட ஒரு வெள்ளைத் தட்டு இருக்கும். அதற்குப் பக்கத்தில் மட்டையோடு நிற்க வேண்டும். எதிரணிப் பிள்ளை பந்தை எறியும். அந்தத் தட்டுக்கு மேலே, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில் வருவது நல்ல பந்து. அதை விட்டாலும் குற்றம், வீசித் தவறவிட்டாலும் குற்றம். மூன்று குற்றம் சேர்ந்தால் வெளியே. தட்டுக்கு அப்பால் போவது, தலைக்கு மேலே வருவது எல்லாம் கெட்ட பந்து. அதற்கு மட்டையை வீசாமல் விட்டுவிட வேண்டும். நாலு கெட்ட பந்தை விட்டுவிட்டால், அடிக்காமலே முதலாம் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய முதல் இடத்துக்கு, நடந்து போகலாம். ஆனால் கெட்ட பந்துக்கு ஆசைப்பட்டு வீசித் தவறவிட்டால் அதுவும் குற்றமாகிவிடும். இதுதான் அந்த விளையாட்டின் கஷ்டம். அடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, அடிக்காமல் நிற்கவும் தெரிய வேண்டும்.

எனக்கு அது பிடிக்கவில்லை. நாங்கள் டென்னிஸ் பந்தில் எட்டு ஓவர் விளையாடி வளர்ந்தவர்கள். வருகிற பந்தை விட்டால் பின்னால் நிற்கிறவன் திட்டுவான்.

2

இந்த நாட்டில் விளையாட்டுக் கழகத்தில் பிள்ளையைச் சேர்த்தால், பெற்றோரும் வேலை செய்ய வேண்டும். வருடத் தொடக்கத்தில் கூட்டம் வைத்து வேலையைப் பிரிப்பார்கள். கேக் சுடுகிறவர்கள் முதலில் கை தூக்கினார்கள். இறைச்சி வாட்டுகிற அடுப்புக்கு நாலு தகப்பன்மார் பாய்ந்தார்கள். புள்ளி எழுத ஒருவரும் இல்லை. எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஊரில் நான் எங்கள் கழகத்துக்கு ஸ்கோர் எழுதியவன். கையைத் தூக்கினேன்.

அதற்கும் இங்கே படிப்பு, சோதனை. இரண்டு சனிக்கிழமை போய் இருந்து, ஜெர்மன் மொழியில் சோதனை எழுதி, மயிரிழையில் சித்தியடைந்தேன். என் பெயர் போட்டு முத்திரை குத்தி ஓர் அட்டை தந்தார்கள். இந்த நாட்டில் நான் கெஞ்சாமல் வாங்கிய முதல் முத்திரை அதுதான். சுகந்தி அதைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள்.

முதல் ஆட்டத்திலேயே ஒரு பெரிய பிழை விட்டேன். கிரிக்கெட்டில், களத்தில் நிற்கிறவர் பந்தைக் கோட்டைவிட்டாலும் ஓடி எடுத்த ஓட்டம் அடித்தவருக்குத்தான். அந்த நினைப்பில் நானும் எல்லாவற்றையும் அடித்த பிள்ளைகளின் கணக்கில் போட்டுக்கொண்டு போனேன். எதிரணிப் பயிற்சியாளர் வந்து தாளைப் பார்த்துச் சிரித்தார். இங்கே அப்படி இல்லை. சாதாரணமாகப் பிடித்திருக்கக்கூடிய பந்தைக் களத்தில் நிற்கிறவர் கோட்டைவிட்டால், அது அடித்தவரின் நல்ல அடி அல்ல, பிடிக்காதவரின் பிழை. எரர் என்பதற்கு ஆங்கில எழுத்து 'ஈ' போட்டு, பக்கத்தில் அவர் நிற்கிற இடத்தின் இலக்கத்தைப் போட வேண்டும். எது அடி, எது பிழை என்று தீர்மானிப்பது நடுவர் அல்ல, மேசையில் இருக்கிற ஸ்கோரர். அதாவது நான்.

அந்த முதல் மூன்று ஆட்டமும் எங்கள் பிள்ளைகளுக்குப் படுதோல்வி. குளிர் காலம் முழுக்க மண்டபத்துக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள், வெயிலைக் கண்டதும் எல்லாப் பந்துக்கும் மட்டையை வீசினார்கள். நிலத்தில் உருண்டு வந்ததற்கும் வீசினார்கள். ஆரணி மூன்று ஆட்டத்திலும் சேர்த்து அடித்தது ஒரேயொரு நல்ல அடி. பயிற்சியாளர் மார்க்குஸ் ஒரு தபால்காரர், முப்பது வயது இருக்கும். அவர் ஏசவில்லை. அடுத்த பயிற்சியில் ஒரு புதுச் சட்டம் போட்டார். மட்டையோடு நிற்கலாம், வீசக் கூடாது. பந்து கடந்து போகும்போது "நல்லது" அல்லது "கெட்டது" என்று கத்த வேண்டும். அவ்வளவுதான். ஒன்றரை மணித்தியாலம் பிள்ளைகள் தோளில் மட்டையை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டே நின்றார்கள்.

வேலை முடிந்த களையோடு நாற்பது நிமிடம் கார் ஓடிப் போனது இதற்கோ என்று எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அடிக்கவே விடாமல் இதென்ன அடிக்கிற பயிற்சி?" என்றேன் காரில்.

"அப்பா, அவர் சொன்னது சரி. கெட்டதை விட்டா நல்லது வரும்."

"வரும் வரும். நீ நிண்டுகொண்டிரு. சும்மா நிக்கிறவைக்கு ஒருத்தரும் ஒண்டும் தரமாட்டினம், பிள்ளை."

"தருவினம். நாலு கெட்ட பந்து போட்டா முதலாம் பேஸ் தரத்தான் வேணும். அது சட்டம்."

"சட்டம்!" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு விளங்கவில்லை, இதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று. இங்கே பிறந்த பிள்ளை. சட்டம் என்றால் அது நடக்கும் என்று நம்புகிறாள்.

நாலாவது, ஐந்தாவது ஆட்டங்களில் அணி வேறு அணியாக இருந்தது. பிள்ளைகள் விட்டார்கள், நடந்தார்கள், எறிகிற பிள்ளை களைத்துப்போய் நடுவில் போட்ட பந்தைப் பார்த்து அடித்தார்கள். ஆரணி மூன்று நல்ல அடி அடித்தாள். ஆறு தரம் அடிக்காமலே நடந்தாள். நான் எழுதிய தாளில் அதெல்லாம் இருக்கிறது. ஆனாலும் அவள் நடந்த ஒவ்வொரு தரமும் எனக்குக் கை தட்ட வரவில்லை. இலவசமாகக் கிடைத்ததைப் பார்த்தால் எனக்குப் பயம். பிறகு வந்து திருப்பிக் கேட்பார்களோ என்று இருக்கும்.

3

அப்போதுதான் அந்தத் தாள் வந்தது. மாநில அணிக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்ய ஒரு பயிற்சி முகாம். அதற்கு விண்ணப்பம், இங்கே அந்திராக் என்பார்கள். அதில் ஒரு வரி: முதல் ஆறு ஆட்டங்களில் குறைந்தது ஐந்து நல்ல அடி. நடந்து போனதைக் கேட்கிற இடம் அந்தத் தாளில் இல்லை. மார்க்குஸுக்கே அதில் கோபம். "முட்டாள் தாள்" என்று அவர் வாய்விட்டுச் சொன்னதை நான் கேட்டேன். ஆனால் தாள் தாள்தான்.

ஆரணியிடம் இருந்தது நாலு. மிஞ்சியிருந்தது ஓர் ஆட்டம்.

அந்த ஒரு கிழமை அவள் சாப்பாட்டு மேசையிலும் பேட் பிடிக்கிற மாதிரிக் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். முகாமுக்குக் கொண்டுபோகும் பையைக்கூட எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டாள். என்னிடம் சொல்லவில்லை. வீடு கூட்டும்போது கண்டேன்.

ஆறாவது ஆட்டம் நடந்த சனிக்கிழமை, நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்துநாலு வருடம் முடிந்த நாள். ஒவ்வொரு வருடமும் அன்றைக்குச் சுகந்தி பாயாசம் காய்ச்சுவாள். அன்றும் விடியவே காய்ச்சி வைத்துவிட்டு, கழகத்துக் கடையில் விற்க ரோல்ஸும் பொரித்துத் தந்தாள். போகிற வழியில் காரில் நான் ஆரணிக்குச் சொன்னேன்.

"இண்டைக்கு உந்தப் பாக்கிற வேலை வேண்டாம். ஒண்டுதான் வேணும். வாறதுக்கெல்லாம் வீசு. ஏதாவது ஒண்டு படும்."

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மேசையில் என் பக்கத்தில் லேனா என்ற பிள்ளையின் தாய் இருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் பலகையில் இலக்கத்தை மாற்றுவார். எத்தனை ஓட்டம், எத்தனை நல்ல அடி, எத்தனை பிழை என்று மைதானம் முழுக்கத் தெரிகிற பலகை.

முதல் தரம் ஆரணி நாலு கெட்ட பந்தை விட்டு நடந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் பென்சிலைக் கடித்தேன்.

இரண்டாம் தரம் மூன்று கெட்ட பந்து, இரண்டு குற்றம். அடுத்தது எதுவானாலும் முடிவு. பந்து அவளுடைய கண் உயரத்துக்கு வந்தது. எனக்கே தெரிந்தது அது கெட்டதென்று. விட்டிருந்தால் நடந்திருப்பாள். அவள் வீசினாள். காற்றுத்தான். வெளியே. தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு போகும்போது மேசைப் பக்கம் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மூன்றாம் தரம், கடைசிச் சுற்று. முதல் பந்தை விட்டாள். இரண்டாவதற்கு வீசினாள். மட்டையில் பட்ட சத்தம் நல்ல சத்தம் அல்ல. பந்து நிலத்தில் உருண்டு, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் இடையில் நின்ற பிள்ளையிடம் நேராகப் போனது. ஓர் அடிகூட நகரத் தேவையில்லை. அந்தப் பிள்ளை குனிந்தது. பந்து அதன் இரண்டு காலுக்கும் நடுவால் போய்விட்டது.

ஆரணி முதலாம் பேஸில் நின்றாள். எங்கள் ஆட்கள் எல்லாரும் எழும்பிக் கத்தினார்கள். லேனாவின் தாய் என்னைக் கேட்காமலே அடிப் பலகையில் இலக்கத்தை ஒன்று கூட்டிவிட்டு, "ஐந்து! முகாம்!" என்று என் முதுகில் தட்டினார். கடையில் நின்ற சுகந்தி ரோல்ஸ் எடுக்கிற குறட்டோடு கையை மேலே தூக்கிக்கொண்டு நின்றாள்.

பென்சில் என் கையில் இருந்தது. கட்டம் வெறுமையாக இருந்தது.

இந்த இடத்தில் உங்களுக்கு இன்னொரு மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்துநாலு வருடத்துக்கு முன்னால் நான் இங்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தபோது, ஓர் அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்டார். ஊரில் சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் என்னைப் பிடித்து ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். அது உண்மை. அந்த ஒன்பது நாளைப் பற்றி உங்களுக்கு எழுத மாட்டேன். ஆனால் என்னைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரர், "ஒன்பது நாள் காணாது தம்பி. மூண்டு மாதம் எண்டு சொல்லு, பெரிய ஆமி முகாமின்ர பேரைச் சொல்லு" என்று பாடமாக்கி விட்டிருந்தார். நானும் சொன்னேன். அதிகாரி அமைதியாகக் கேட்டார், அந்த முகாமில் யன்னல் எந்தப் பக்கம், எத்தனை படி, தண்ணீர் எங்கே. நான் கண்டிராத முகாம். முதல் நாள் ஒன்று சொன்னேன், அடுத்த முறை வேறொன்று சொன்னேன். எல்லாவற்றையும் எழுதி, மொழிபெயர்ப்பாளர் வாசித்துக் காட்ட, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். நம்பத்தகுந்தவர் அல்ல என்று முடிவு வந்தது. மூன்று மாதம் பொய் என்றபடியால் என்னுடைய ஒன்பது நாளும் பொய்யாகிவிட்டது.

ஏழு வருடம் தற்காலிகத் தாளோடு இருந்தேன். வேலை இல்லை, ஊர் எல்லையைத் தாண்ட ஏலாது. அந்த ஏழு வருடமும் சுகந்தி வவுனியாவில் எனக்காகக் காத்திருந்தாள்.

மைதானத்தில் இன்னும் கை தட்டிக்கொண்டு இருந்தார்கள். ஆரணி மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் கட்டத்தில் 'ஈ' எழுதினேன். பக்கத்தில் ஆறு போட்டேன், அந்தப் பிள்ளை நின்ற இடத்தின் இலக்கம்.

"பிழை. அடி இல்லை," என்றேன் லேனாவின் தாயிடம்.

"என்ன?"

"தயவுசெய்து மாற்றுங்கள்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இலக்கத்தைத் திருப்பி வைத்தார். ஒரு பலகை ஒன்று குறைந்தது, பக்கத்துப் பலகை ஒன்று கூடியது. கை தட்டின சத்தம் அடங்கியது. ஆரணி குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். அது அவிழ்ந்திருக்கவில்லை.

ஆட்டம் முடிந்து மார்க்குஸ் வந்தார். "நிச்சயமா?"

"நிச்சயம்."

"ஸ்கோரர் நீங்கள். நாளை நடுப்பகல் வரைக்கும் மாற்றலாம், அதற்குப் பிறகு முடியாது. அது சட்டம்," என்றார். மாற்றச் சொல்லவும் இல்லை, மாற்ற வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது.

4

வீட்டுக்கு வந்ததும் ஆரணி அறைக் கதவைச் சாத்தினாள். பாயாசம் மூடியபடி அடுப்பில் இருந்தது. சுகந்தி ரோல்ஸ் கொண்டுபோன பெட்டியைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடியும் கழுவினாள்.

"என்னப்பா, ஒரு எழுத்துத்தானே?"

நான் தாளை எடுத்து மேசையில் வைத்தேன்.

"பென்சிலாலதானே எழுதினனீங்கள்? அழி ரப்பர் இல்லையோ வீட்டில?"

"பந்து நேராப் போனது சுகந்தி. கால் நடுவால போனது."

"மற்றப் பிள்ளையளின்ர தகப்பன்மார் இருந்திருந்தா எழுதியிருப்பினம். அது பிழை, இது சரியெண்டு கண்டுபிடிக்க உலகத்திலயே நீங்கள் ஒராள்தான்."

"ஒண்டைப் பொய்யா எழுதினா மற்ற நாலும்..."

"அந்தக் கதையை இதுக்குள்ள கொண்டுவராதேங்கோ!" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "அதுக்கு ஏழு வருசம் காத்திருந்தது நான். அதுக்கு நான் ஒரு நாளும் உங்களை ஒண்டும் கேட்டதில்லை. இப்ப கேக்கிறன். இந்தப் பிள்ளைக்காக ஒரு எழுத்தை மாத்துங்கோ."

அவள் சொன்னது உண்மை. ஒரு நாளும் கேட்டதில்லை.

ஞாயிறு காலை அவள் என்னை எழுப்பாமல் பூசைக்குப் போய்விட்டாள். நான் தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் அழி ரப்பர். ஆரணியின் பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்து சுகந்திதான் வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். பதினொன்றாகியது. இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. உண்மையைச் சொன்னால், ஒரு தரம் ரப்பரைக் கையில் எடுத்தேன். அந்தக் கட்டத்துக்கு மேலே கொண்டுபோயும் பார்த்தேன்.

கதவு திறந்தது. ஆரணி வந்து எதிரே இருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மாத்தப் போறியளோ?"

"அம்மா மாத்தச் சொல்லுறா."

"நீங்கள்?"

அந்தக் கதையை அவளுக்கு அதுவரை நான் சொன்னதில்லை. ஒன்பது நாளையும், மூன்று மாதத்தையும், யன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டதையும் சொன்னேன். தமிழில் தொடங்கி, அவளுக்கு விளங்காத இடத்தில் ஜெர்மனில் சொன்னேன். என்னுடைய ஜெர்மன் தடுக்கின இடத்தில் அவளே சொல் எடுத்துத் தந்தாள்.

"அந்த ஒன்பது நாளையும் அவை பிறகு நம்பேல்லையோ?"

"இல்லை, பிள்ளை."

"எப்பவுமே?"

"எப்பவுமே. பிறகு தாள் தந்தது வேற சட்டத்தில."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி, அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள். "அப்பா, இது எரர் எண்டு எனக்கு ஓடேக்கையே தெரியும். பந்து அந்தப் பிள்ளைக்கு நேர போனது. அதுக்கு நான் அழேல்லை."

"பிறகேன் கதவைச் சாத்தினனீ?"

விரல் அதே வரியில் இடப்பக்கம் போனது, அவள் வீசி வெளியேறின கட்டத்துக்கு. "இதுக்கு. கண் உயரத்துக்கு வந்த பந்து. கெட்டதெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் வீசினன். நீங்கள் மேசையில இருந்து பாத்துக்கொண்டு இருந்தியள். காரில சொன்னியள்." மூக்கைத் துடைத்தாள். "அது என்ர பந்து இல்லை அப்பா. அது உங்கடை."

பிள்ளைகளே, இருபத்துநாலு வருடத்தில் எத்தனையோ அதிகாரிகள் என்னிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. ஏஜென்சிக்காரர் எனக்குப் பாடமாக்கின கதையை, வேறு சொல்லில், நான் காருக்குள் வைத்து என் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன். கையில் இருக்கிறது காணாது, வாறதையெல்லாம் எடு என்று.

"இனிக் காரில நான் வாயே திறக்க மாட்டன்," என்றேன்.

"திறக்கலாம். பந்தைப் பற்றிக் கதைக்காதேங்கோ."

"வேற எதைப் பற்றிக் கதைக்கிறது?"

"அது உங்கடை பிரச்சினை," என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய், குளிர்ந்து கட்டியாகியிருந்த பாயாசத்தைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்தாள். இரண்டு கரண்டி.

நடுப்பகலுக்கு முன்னால் தாளை அனுப்பினேன். 'ஈ', ஆறு. சுகந்தி பூசையால் வந்து, வெறுமையான சட்டியையும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ரப்பரை எடுத்துப் பையில் போட்டாள். மூன்று நாள் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள்.

5

முகாமுக்கு ஆரணி போகவில்லை. நாலு அடியோடு போன தாளுக்கு இரண்டு வரியில் பதில் வந்தது. அடுத்த வருடம் மீண்டும் விண்ணப்பிக்கலாமாம். கட்டிலுக்குக் கீழே இருந்த பையை அவளே பிரித்து அடுக்கினாள். அன்று முழுக்க வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் செய்தது சரிதான் என்ற நினைப்பு அன்று எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை ஏழாவது ஆட்டம். காரில் குசினியில் நடந்த கதை சொன்னேன். ஒரு புதுப் பையன் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டு முந்நூறு பேருக்குக் கஸ்டர்ட் காய்ச்சின கதை. அவள் சிரித்தாள்.

மூன்றாம் சுற்றில் ஆரணி வந்து நின்றாள். மூன்று கெட்ட பந்து, இரண்டு குற்றம். மறுபடியும் அதே கணக்கு. எறிகிற பிள்ளை உயரமான பிள்ளை, கை நீளம். பந்து வந்தது. தட்டின் ஓரத்துக்கு, ஒரு விரற்கடைக்கு அப்பாலோ இப்பாலோ, மேசையில் இருந்து சொல்ல முடியாத இடத்துக்கு. என் உடம்பு முழுக்க "அடி" என்றது. பென்சிலைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

அவள் அசையவில்லை. மட்டை தோளிலேயே இருந்தது. பந்து பிடிப்பவரின் கையுறைக்குள் சத்தத்தோடு போய் விழுந்தது. நடுவர் ஒரு மூச்சுக்குப் பேசாமல் நின்றார். அந்த ஒரு மூச்சுக்குள் நான் எத்தனை முறை செத்தேன் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவர் கையை நீட்டி முதலாம் பேஸைக் காட்டினார்.

ஆரணி மட்டையை மெல்லப் புல்லில் வைத்தாள். தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். ஓடவில்லை. ஓட வேண்டியதில்லை, அது அவளுக்குரிய இடம். நான் வாயிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு பார்த்தேன், இப்போது திரும்புவாள், இப்போது திரும்புவாள் என்று.

முதலாம் பேஸ் வரைக்கும் அவள் மேசைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.